பேட்டரிக்குக் கீழே நரகம்

பழைய போர்ஷே 914 வைத்திருப்பவரிடம் “வண்டி எப்படி இருக்கிறது?” என்று வாய்தவறிக்கூடக் கேட்டுவிடக் கூடாது. எஞ்சினைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார். துருவைப் பற்றி ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும்.

ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேயும் கூட்டாகச் சேர்ந்து 1969-ல் கொண்டுவந்த வண்டி அது. நடுவில் எஞ்சின், முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, கழற்றி வைக்கிற கூரை. இவ்வளவும் யோசித்த ஜெர்மானியர்கள், பேட்டரியை எஞ்சினுக்கு வலப்பக்கம், பின்சக்கர சஸ்பென்ஷனைத் தாங்கும் பகுதிக்கு மேலே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். எஞ்சின் மூடியோ வெறும் கம்பிவலை. மழை பெய்தால் தண்ணீர் கூச்சமில்லாமல் உள்ளே வரும். பேட்டரி அமிலம் அதோடு கைகோத்துக்கொண்டு முதலில் பேட்டரித் தட்டைத் தின்னும், பிறகு அடிச்சட்டத்தை, கடைசியில் சஸ்பென்ஷன் கையைப் பிடித்திருக்கும் கான்சோலை. அமெரிக்க 914 பிரியர்கள் அந்த இடத்துக்கு ‘நரகக் குழி’ என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்.

வண்டிக்கு வலுவூட்டக் கிளம்பும் நம்மாளுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. 1970 லெ மான்ஸ் பந்தயத்தில் 914/6 ஜிடி ஒட்டுமொத்தமாக 6-வது வந்து, ஜிடி பிரிவில் முதலிடம் பிடித்தது மட்டும்தான் நினைவில் நிற்கும். பந்தய வண்டிகளுக்குக் கூடுதல் தகடு வைத்துப் பற்றவைத்தார்களாமே, தன் வண்டி மட்டும் என்ன இளப்பம்? அகல டயர் போடுவார். வளைவில் கூடுகிற பிடிப்புக்கு, தகடுகளை அழுத்தி ஒட்டிய சஸ்பென்ஷன் கை லேசாக நெளியும். உடனே வலுவூட்டும் தகடு வாங்கிப் பட்டறைக்கு ஓடுவார்.

வேலை தெரிந்த வெல்டர் முதலில் ரப்பர் புஷ்ஷைக் கழற்றுவார். சஸ்பென்ஷன் கையை இரும்புச் சட்டத்தில் முடுக்கிக் கட்டி, இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைப்பார். அவசரக்காரர் ஒரே இழுப்பில் இழுத்தால் சூட்டில் கை கோணிக்கொள்ளும். அப்புறம் அலைன்மென்ட் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

இத்தனை பாடுபட்டு உருக்கு போலாக்கிய கையைக் கொண்டுபோய் மாட்டுவது எதில்? துருவும் பெயின்ட்டுமாக நிற்கும் அதே கான்சோலில். கருங்கல் தூணுக்கு அப்பள அஸ்திவாரம்!

சரி, அழுகியதை வெட்டி எடுக்கலாம் என்றால் அதற்கும் முறை உண்டு. நிலையான கூரை இல்லாத வண்டி. பலமெல்லாம் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தில். கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்காமல் அதில் கைவைத்தால் பாடி தொய்ந்துவிடும். சஸ்பென்ஷன் பார்க்கப் போனவர், கதவு மூடாத வண்டியோடு வீடு திரும்புவார்.

பந்தயத்துக்குப் போகாத, அளவான டயரில் ஓடுகிற 914-க்குப் பழைய கையே தாராளம். காசை கான்சோலில் போடுங்கள். அமிலம் கசியாத சீல் வைத்த பேட்டரிக்கு மாறுங்கள். புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், பேட்டரியைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவரால் கீழே ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.