சிவப்பு தெரிகிறதா, தம்பி?

போர்ட் கிள்ளானில் பதினேழு வயது ஆகிவிட்டால் பிள்ளை ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கான உண்டாங் புத்தகத்தோடுதான் தூங்குகிறது. 500 கேள்விகளையும் உருப்போட வேண்டும். கணினியில் அவற்றில் 50 வரும். 45 நிமிடம். 42 சரியென்றால் பாஸ். 41 எடுத்தவன் சாலைக்கு ஆபத்தானவன். பணம் கட்டி மறுபடி வரட்டும். தமிழிலும் பதில் சொல்லலாம், அந்த மட்டில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.க்கு நன்றி.

நிறக்குருடு சோதனையும் உண்டு. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நியாயம்தான். ஆனால் சிவப்பு நன்றாகத் தெரிந்தும் நிற்காதவனைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனையும் இல்லை. துறைமுகச் சாலைக்கு வந்து பாருங்கள். கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்த பையன், புத்தகத்தில் படித்ததுபோலவே சிவப்பு விளக்குக்குக் கோட்டுக்கு முன்னால் நிற்கிறான். பின்னால் கண்டெய்னர் லோரி ஹார்ன் அடிக்கிறது, ஏன் நின்றாய் என்று! நம் பிள்ளைக்கு அங்கேதான் உண்மையான பாடம் தொடங்குகிறது.

படிக்க நேரமில்லாத பெரிய மனிதர்களுக்கு 'கோப்பி ஓ லைசென்ஸ்' இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதையே 'லெசென் தெர்பாங்' என்பார்கள். தேர்வு மண்டபத்தை மிதிக்காமலே கைக்கு வரும். ஊழல் தடுப்பு ஆணையம் அதிகாரிகளையும் ஏஜெண்டுகளையும் பிடித்த செய்தியைப் படித்துவிட்டு நாமும் அடுத்த பக்கம் திருப்புகிறோம்.

பிறகு சம்மன். தீபாவளிக்கு தெங்கு கிளானா சாலையில் சேலைக்கு மலிவு விற்பனை போடுவதுபோல, சம்மனுக்கும் பாதி விலை அறிவித்துப் பழகிய நாடு இது. ஒழுங்காக ஓட்டியவனுக்கு என்ன சலுகை? ஒன்றுமில்லை. குற்றம் செய்தால்தானே கழிவு!

இந்த விளையாட்டுக்குப் பிணம் விழுகிறது. 2025 ஜூன் 9, கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் செத்தார்கள். அந்த ஓட்டுநர் பெயரில் 18 சம்மன்கள் இருந்தன, பெரும்பாலும் வேகத்துக்கு. நமக்கு அது தெரிந்தது, பிள்ளைகளைப் புதைத்த பிறகு. பேருந்தின் பெர்மிட் வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டதாம். அதுவும் பிறகுதான்.

ஆகவே மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களே, பிள்ளைகள் படித்தது போதும். அடுத்த தேர்வை பேருந்து, லோரி முதலாளிகளுக்கு வையுங்கள். பெர்மிட் யார் கையில், பிரேக் எப்போது பார்த்தது, ஓட்டுநருக்கு எத்தனை சம்மன்? ஒரு கேள்விக்குப் பதில் தவறினாலும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரக்கூடாது.