போகலாமாவியல்: கூதிர்காலத் தாலினை முன்வைத்து ஓர் ஆய்வு

பயணம் பற்றித் தமிழில் நூல்கள் உண்டு. பயணத்துக்கு முன்பு வீட்டில் நடப்பதைப் பற்றி உருப்படியாக ஒன்றும் இல்லை. ஓர் ஊரில் தங்கப்போவது நான்கு நாள் என்றால், அங்கே "போகலாமா?" என்று பேசுவது நான்கு மாதம். கால அளவை வைத்துப் பார்த்தால் பேச்சே மூலநூல். பயணம் அதன் பிற்சேர்க்கை. அறிஞர் உலகம் பிற்சேர்க்கைக்கு உரை மேல் உரை எழுதிவிட்டு மூலத்தைக் கறையானுக்கு விட்டுவிட்டது. அக்குறை தீர்க்க எழுந்ததே போகலாமாவியல் என்னும் இத்துறை. இதன் முதல் நூற்பாவை, வேறு ஆள் அகப்படாமையால், இவ்வாய்வாளரே இயற்ற நேர்ந்தது:

போதலும் தவிர்தலும் அன்றி இடைநின்று
போகலா மாவெனல் மூன்றாம் நிலையே.

உரை: ஒருவர் ஓர் ஊருக்குப் போவார், அல்லது போகமாட்டார், இவ்விரண்டும் இன்றி நடுவில் நின்றுகொண்டு "போகலாமா" என்பார். இம்மூன்றாம் நிலை மற்ற இரண்டினும் நீண்டது, செலவு குறைந்தது, குடும்பத்தார் அனைவரும் பங்கேற்கத் தக்கது. ஏகாரம் ஈற்றசை.

களமாகத் தாலினைக் கொண்டது ஏன் எனின், கூறுதும். வட ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குக் கோடையில் போகலாம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயமில்லாத இடத்தில் ஆய்வுக்கு வேலையில்லை. நடுக்குளிரில் பனி மூடிய கூரைகளைப் பார்க்கப் போகிறவர் தெரிந்தே போகிறார். அவரைத் தடுக்கவும் முடியாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரையுள்ள கூதிர்தான் தயக்கத்தின் விளைநிலம். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும் அல்லவா, செப்டம்பர் எப்படி அதில் அடங்கும் எனின், உரையாசிரியர்கள் பின்லாந்து வளைகுடாவைக் கருத்திற் கொள்ளவில்லை என்க.

அந்த வளைகுடாவின் தென்கரையில், எஸ்டோனியாவின் தலைநகராக, 59 பாகை வடக்கில் இருக்கிறது தாலின். 1219-இல் டேனிய மன்னர் இரண்டாம் வால்டெமார் கைப்பற்றிய ஊர். 1248-இல் லூபெக் நகரத்தின் சட்டம் இங்கே நடப்புக்கு வந்தது. பிறகு ஹன்சா வணிகர் கூட்டத்தில் சேர்ந்து செழித்தது. பழைய மதிலில் ஏறக்குறைய 2 கிலோமீட்டரும் 20 கோபுரங்களும் இன்றும் நிற்கின்றன. யுனெஸ்கோ 1997-இல் பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இவையெல்லாம் எந்த மாதம் போனாலும் அங்கேயே இருக்கும் என்பதால் நமக்குப் பயன்படாதவை. மாதத்துக்கு மாதம் மாறுபவை வெளிச்சமும் ஈரமும்.

முதலில் வெளிச்சம். செப்டம்பர் தொடக்கத்தில் தாலினில் பகல் ஏறக்குறைய 14 மணி நேரம். நவம்பர் முடிவில் ஆறரை மணி நேரம். மூன்றே மாதத்தில் ஏழரை மணி நேரம் கரைந்துபோகிறது. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 5 நிமிடம். இதிலிருந்து பிறப்பதே தயக்கத் தேற்றம்: "அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் குடும்பம் 35 நிமிடப் பகலை இழக்கிறது. பேச்சைத் தள்ளினால் பயணத் தேதியும் தள்ளுமா என்று தடை எழுப்புவோர் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு அட்டவணையை வைத்துப் பயணம் திட்டமிட்டு அறியாதவர். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அன்றைக்கு மட்டும் தயங்குவோருக்கு ஒரு மணி நேரம் இனாம்.

வெளிச்சம் குறைவதால் ஒரு நன்மையும் உண்டு; சோம்பேறிகள் இதைக் குறித்துக்கொள்க. டூம்பேயா குன்றின் மேலுள்ள நெட்டை ஹெர்மன் கோபுரத்தில் ஒவ்வொரு நாளும் சூரிய உதயத்தில், நாட்டுப்பண் ஒலிக்க, எஸ்டோனியக் கொடி ஏறும். ஆனால் காலை ஏழுக்கு முன் ஏறாது. அந்தியில் இறங்கும், கோடையில் அந்தி எவ்வளவு நீண்டாலும் இரவு பத்துக்கு மேல் நிற்காது. ஜூனில் கொடியேற்றம் பார்க்க ஏழு மணிக்குக் குன்றில் இருக்க வேண்டும். நவம்பர் இறுதியிலோ நன்றாகத் தூங்கிவிட்டு எட்டே முக்காலுக்குப் போய் நின்றாலும் போதும். பிற்பகல் மூன்றரை மணியளவில் கொடி இறங்கிவிடுவதால், மதியச் சாப்பாட்டை முடித்து உடனே புறப்பட்டால் இறக்கத்தையும் பார்த்துவிடலாம்.

அடுத்து ஈரம். தாலினின் ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதி. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நாம பார்க்காத மழையா என்று குடையை வீட்டில் வைத்துப் போகிறவர் உண்டு. சென்னையில் மழை வந்த வேலையை முடித்துவிட்டுப் போகும், நம் வேலையையும் சேர்த்து முடித்துவிடும். தாலினின் கூதிர் மழைக்குத் தான் எதற்கு வந்தோம் என்று தெரியாது. பெய்வதா நிற்பதா என்று நாள் முழுக்க நசநசத்துக்கொண்டிருக்கும். அதாவது மழையும் போகலாமாவியலில் தேர்ந்ததே. நகர மன்றத்தின் கூரையோரம் டிராகன் தலைகளாகச் செய்து வைத்த நீர்த்தூம்புகள் உண்டு. கோடைப் பயணி அவற்றை அலங்காரம் என்று படம் எடுத்துப் போகிறார். அவை வேலை செய்வதைப் பார்க்கக் கூதிரில்தான் போக வேண்டும். நனைந்த உருளைக்கல் பாவிய சந்துகளில் பார்வை தரையிலேயே இருக்கட்டும். கோபுரங்களை நின்றபின் பார்க்கலாம்.

இருட்டும் ஈரமும் சேர்ந்தால் என்ன செய்வது என்பதை எஸ்டோனியர்கள் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். இருட்டிலும் மங்கிய வெளிச்சத்திலும் சாலையில் நடப்பவர் ஒளியைத் திருப்பிக் காட்டும் தகடோ விளக்கோ அணிந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அபராதம். ஆந்தை, மீன், பூ என்று பல வடிவில் செய்த சின்னத் தகடு கோட்டுப் பையிலிருந்து நூலில் தொங்கி முழங்கால் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். எதிரே வரும் காரின் விளக்குப் பட்டதும் பளிச்சிடும். பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லோரிடமும் இருக்கும். இவ்வளவு மலிவாக, இவ்வளவு அழகாக உயிர் காக்கும் பொருளை வேறெங்கும் கண்டதில்லை என்று இவ்வாய்வாளர் நடுநிலை தவறிச் சொல்லக் கடமைப்பட்டுள்ளார்.

இனி, தீர்மானிக்கும் முறை. நகர மன்றக் கட்டடம் 1404-இல் நிறைவு பெற்றது. அதன் கோபுர உச்சியில் 1530-இல் கிழத் தாமஸ் என்னும் காவலர் உருவம் ஏறியது. இவர் ஒரு காற்றுத்திசை காட்டி. இப்போது மேலே நிற்பது பிரதி என்றாலும் கொள்கை பழையதுதான்: எந்தப் பக்கம் காற்றடிக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புவார். நகரமே இவரைச் சின்னமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தீர்மானத்தில் இவருடைய பங்கை விளக்கக் கீழ்வரும் உரையாடல் போதும்.

"ஏங்க, அக்டோபர்ல அங்க ரொம்பக் குளிருமாமே?"

"ஏழெட்டு டிகிரி இருக்கும். ஸ்வெட்டர் போட்டா ஆச்சு."

"போயிட்டு வாங்கப்பா. கை கால் நல்லா இருக்கும்போதே போயிடணும்" என்பார் பெரியப்பா.

"எனக்கு முட்டிவலி இருக்கே பெரியப்பா."

"அதுவும் சரிதாம்மா. முட்டின்னா விளையாட்டா?"

ஒவ்வொரு குடும்பத்திலும் கோபுர உச்சியில் ஒருவர் இருக்கிறார் என்பதும், கடைசியாகப் பேசியவர் பக்கம் அவர் திரும்புவார் என்பதும் இதனால் பெறப்படும். ஆகவே முடிவு வேண்டுவோர் அவரிடம் கடைசியாகப் பேசுக.

இந்த ஆய்வின் நடுநாயகம் இனித்தான் வருகிறது. கூதிரில் தாலினுக்கு வருவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் உண்டு. நகரத்துக்குத் தெற்கே உலெமிஸ்தே என்று ஓர் ஏரி. அதில் ஒரு கிழவர் வசிக்கிறார். ஆண்டுக்கொரு முறை, இருண்ட கூதிர் நள்ளிரவில், குள்ளமாய் நரைத்துப்போன அந்தக் கிழவர் ஏரியை விட்டு எழுந்து, சரிவில் இறங்கி, நகர வாயிலுக்கு வந்து காவலரைக் கேட்பாராம்: நகரம் கட்டி முடிந்துவிட்டதா? காவலர் சொல்ல வேண்டிய விடையும் வழிவழியாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது: இல்லை, இன்னும் நிறைய வேலை பாக்கி. கேட்டதும் கிழவர் முணுமுணுத்துக்கொண்டு ஏரிக்குத் திரும்பிவிடுவார். முடிந்தது என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஏரியைத் திறந்துவிட்டு நகரத்தை மூழ்கடித்துவிடுவார்.

இதைக் கட்டுக்கதை என்று தள்ளுமுன் நில அமைப்பை நோக்குக. ஏரி மேட்டில் இருக்கிறது. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 36 மீட்டர். கரையோர நகரம் பள்ளத்தில். நகரத்துக்குக் குடிநீர் தருவதும் இதே ஏரி. தாகம் தீர்க்கும் தண்ணீரே தலைக்கு மேல் நிற்கும்போது, ஊர் அதற்கு ஒரு முகம் கொடுத்துப் பேசிப் பார்ப்பது இயல்பு. ஏரி பிறந்த கதையும் லேசானதல்ல. எஸ்டோனியர்களின் காவியமான 'கலேவிபோயெக்' சொல்லும் மரபில், இறந்த கணவன் கலேவின் கல்லறைக்காக மனைவி லிண்டா சுமந்து குவித்த கற்களே டூம்பேயா குன்று. ஒரு கல் நழுவி விழ, அதன்மேல் அமர்ந்து அவள் அழுத கண்ணீரே உலெமிஸ்தே ஏரி. நாடாளுமன்றம் இன்று அந்தக் குன்றின்மேல்தான் இயங்குகிறது.

போகலாமாவியலின் நோக்கில் கிழவர் ஒரு பேராசான். ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தைத் தேர்கிறார்; அதே கேள்வியைக் கேட்கிறார்; உள்ளே போகாமலே திரும்புகிறார்; மறு ஆண்டும் வருகிறார். சலிப்பில்லை. இவருக்கு விடைசொல்லும் கடமையால் நகரமும் முடிவுபெறாமலே இருக்கிறது. புனித ஓலாவ் தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் 1625-இலும் 1820-இலும் தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. 1944 மார்ச்சில் சோவியத் குண்டுவீச்சில் எரிந்த நகர மன்றக் கோபுரத்தையும் மறுபடி எழுப்பினார்கள். எந்தத் தெருவிலாவது சாரம் கட்டிப் பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கும். படத்தைக் கெடுக்கிறதே என்று பயணிகள் நொந்துகொள்வார்கள். அந்தச் சாரமே நகரத்தின் வெள்ளத் தடுப்பு என்பதை அறியாமையே காரணம்.

கோடைவாதிகளின் கட்சியைச் சுருக்கமாகவே மறுத்துவிடலாம். அவர்கள் சொல்லும் நீண்ட பகலும் உண்மை, சொகுசுக் கப்பல் கூட்டத்துக்குப் பின்னால் நின்று நகர மன்றச் சதுக்கத்தைப் பார்ப்பதும் உண்மை. நவம்பர்வாதிகள் வலுவானவர்கள். 1997 முதல் அம்மாதத்தில் நடக்கும் கறுப்பு இரவுகள் திரைப்பட விழா அவர்கள் பக்கம். இருட்டு எப்படியும் இருக்கிறது, அதில் படமாவது பார்ப்போம் என்று யோசித்த ஊர் அது. மழைக்கு ஒதுங்க இன்னோர் இடம் புனித நிக்கோலஸ் தேவாலயம். இப்போது அருங்காட்சியகம். பெர்ன்ட் நோட்கே 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய மரண நடன ஓவியத்தின் எஞ்சிய பகுதி அங்கே இருக்கிறது. போப், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் என்று வரிசையாக ஒவ்வொருவரையும் எலும்புக்கூடு ஆட அழைக்கிறது. "அடுத்த சீசன்ல பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பியவர் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

சைவ உணவினர் பால்டிக் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தைக்குப் போனால் காட்டுக் காளானும் லிங்கன்பெர்ரியும் குவிந்திருக்கும் பருவம் இதுவே. மற்றதைக் கறுப்பு ரொட்டி பார்த்துக்கொள்ளும்.

நம் துறைக்கு உண்மையான பகை ஷெங்கன் விசா. புறப்படும் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாக விண்ணப்பிக்க முடியாது. 15 நாளுக்குள் சுருங்கவும் விடக்கூடாது. "போகலாமா" என்ற கட்டம் படிவத்தில் இல்லை. "எந்தத் தேதி" என்ற கட்டம் மட்டுமே உண்டு. நாகரிகமான ஒரு தயக்கத்தை இவ்வளவு முரட்டுத்தனமாக முடித்துவைக்கும் ஆவணம் வேறில்லை.

அந்தக் கட்டத்தில் எழுத ஒரு தேதி வேண்டுமென்றால், அக்டோபர் முதற்பாதி என்பது இவ்வாய்வாளரின் துணிபு. பகல் இன்னும் 10 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். மகா பீட்டர் மனைவி கேதரினுக்காக 1718-இல் தொடங்கிய காத்ரியோர்க் அரண்மனையைச் சுற்றியுள்ள பூங்காவில் மேப்பிள் இலைகள் மஞ்சளாகிக் கிடக்கும். விமானம் இறங்குவதும் உலெமிஸ்தே ஏரியின் கரையில்தான். கிழவரின் வாசல் வழியாகவே நகரத்துக்குள் போகிறோம்.

இங்கே ஓர் அபாயத்தைச் சுட்டாமல் விட முடியாது. இதுவரை எல்லோரும் கூதிர்த் தாலின் பயணிக்கு என்ன செய்யும் என்றே கேட்டார்கள்; பயணி தாலினுக்கு என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. நம்மவருக்கு நல்வாக்கு நாவிலேயே இருக்கும். புதுமனை புகுவிழாவுக்குப் போனால், கதவு மாட்டாத வீட்டைப் பார்த்தும் "பிரமாதமா முடிச்சிட்டீங்க சார்" என்றுதான் சொல்வோம். நகர வாயிலில் இப்போது காவலர் யாரும் நிற்பதில்லை. இரவுணவு முடித்து நடந்து வரும் பயணிதான் நிற்கிறார். ஆகவே கூதிர் நள்ளிரவில், உடம்பெல்லாம் ஈரம் சொட்டக் குள்ளமான நரைத்த கிழவர் ஒருவர் வழிமறித்து ஊரைப் பற்றி விசாரித்தால், பயணி மரியாதையை ஒதுக்கிவைத்துவிட்டு, அருகில் தெரியும் சாரத்தைச் சுட்டிக்காட்டி, "இன்னும் பூச்சு வேலையே முடியலைங்க ஐயா, வயரிங் வேற பாக்கி" என்று சொல்லக் கடமைப்பட்டவர். எப்போது முடியும் என்று கேட்டால், கொத்தனாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லவும்.