கூரைமேல் சைக்கிள்

கேள்வி: காரின் கூரைமேல் இரண்டு சைக்கிள்களைக் கட்டி, காரோடு படகேற முடியுமா? – ஒரு வாசகர், திருக்கோவிலூர்.

பதில்: தங்கள் ஊர்ப் பெண்ணையாற்றில் வேண்டாம், பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் அந்நதியில் படகைத்தான் காரின் கூரைமேல் ஏற்ற நேரிடும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஆரம்பமான கப்பலோ மனுஷ்யரை ஏற்றுமேயன்றிக் காரை ஏற்றாது. ஆதலின், கொச்சிக் கோட்டைக்கும் வைப்பினுக்கும் இடையே 2018 முதல் கார்களைச் சுமந்து செல்லும் திறந்த தட்டுப் படகே உசிதம். கயிற்று முடிச்சைச் சரிபார்ப்பதற்குள் அக்கரை வந்துவிடும் என்பது ஒன்றே குறை. மூடிய தட்டுள்ள அந்நிய தேசத்துக் கப்பலாயின், தரையிலிருந்து ஹாண்டில்பார் நுனிவரை அளந்து முன்கூட்டியே சொல்லாவிடில், சைக்கிளின் சிரச்சேதத்தைத் தாங்களே காண நேரும். அளக்கும் வித்தையை நானா உபதேசிப்பது? வாகனமும் டிக்கெட்டுமின்றி மூன்றடியில் உலகை அளந்த பெருமாளல்லவா தங்கள் ஊரில் திருவடி தூக்கி நிற்கிறார்!