அனுமதி இலவசம்

காலையில் பேப்பர் வந்ததும் நம்மவர் நேரே ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்திக்குப் போய்விடுவார். போர், பட்ஜெட், தங்கம் விலை எல்லாம் அப்புறம். பேனாவால் நாலைந்து இடங்களைச் சுழிப்பார். எதைச் சுழிப்பது என்பதில் கறாரான கொள்கை உண்டு. ‘அனுமதி இலவசம், அனைவரும் வருக’ என்று போட்டிருக்க வேண்டும். ‘டிக்கெட்டுகள் அரங்க வாசலில் கிடைக்கும்’ என்றிருந்தால், அந்தக் கலையே இப்போதெல்லாம் தரம் இறங்கிவிட்டது என்பார்.

சென்னையில் எந்த சபா, எந்த ஆர்ட் கேலரிக்குப் போனாலும் இந்த ரகத்தில் ஒருவரையாவது பார்க்கலாம். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றிருப்பார். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதில் குடை, தண்ணீர் பாட்டில், மே மாதத்திலும் ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டர் அரங்கத்து ஏசிக்கு.

போக்குவரத்துச் செலவும் கிடையாது. மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 டோக்கன் இலவசமாகக் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்தப் பத்தை வைத்துக்கொண்டு முப்பது நாளையும் ஓட்டுகிற சாமர்த்தியம் நிதியமைச்சர்களுக்கே வராது. “கிரீம்ஸ் ரோடுல லலித் கலா அகாடமி. ஓவியக் கண்காட்சி திறப்பு, அஞ்சரை மணி. டீ உண்டு. அங்கேருந்து பொடிநடையா காலேஜ் ரோடு போனா அலியான்ஸ் ஃபிரான்சேஸ். பிரெஞ்சுப் படம், ஏழு மணி. ஒரே டோக்கன், ரெண்டு நாடு சார்!”

ஊருக்குப் புதிதாக வந்த யாராவது இவரிடம் ‘எங்கே போகலாம்’ என்று கேட்டால் பதில் மளமளவென்று வரும். அதில் கலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது. நாரத கான சபாவா? கேன்டீன். மியூசிக் அகாடமியா? டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரி இலவசம், சாயங்காலம் டிக்கெட் கேட்பார்கள், நடுவே வெளியே வந்துவிட வேண்டும். எழும்பூர் மியூசியம் தியேட்டரா? 1896இல் கட்டியது, அரைவட்டமாகப் படிப்படியாக இருக்கைகள், ஆங்கில நாடகம் போட்டால் மெட்ராஸ் பிளேயர்ஸ் முதல் பலரும் தேடிப் போகிற மேடை. இவர் தீர்ப்பு: “கடைசி வரிசைக்கும் கணீர்னு கேக்கும் சார். தூங்க முடியாது.”

சபா நாடகம் என்றால் தனி உற்சாகம். ‘சாக்லேட் கிருஷ்ணா’வை யார் யார் தயவிலோ கிடைத்த பாஸில் அத்தனை முறை பார்த்திருக்கிறார். அதனால் கிரேஸி மோகன் எழுதிய ஜோக் மேடைக்கு வருவதற்கு அரை விநாடி முன்பே சிரித்துவிடுவார். பக்கத்து சீட்டுக்காரருக்கு எரிச்சல். சிரித்ததோடு நில்லாமல், “இப்ப பாருங்க, இப்ப பாருங்க” என்று முழங்கையால் இடிக்கவும் செய்வார்.

நவீன நாடகம்தான் கொஞ்சம் இடிக்கும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் நாடகம் ஒன்றுக்கு யாரோ அழைத்தார்கள் என்று போனார். மேடையில் ஒருவர் அசையாமல் படுத்திருந்தார். இருட்டு, நிசப்தம். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பி, “கரண்ட் எப்ப வருமாம்?” என்று கேட்டார். பிறகு கைதட்டல் எழுந்தபோது எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவரும் அவர்தான். வெளிச்சம் வந்துவிட்டதே!

அமெரிக்காவிலிருந்து இவருடைய அக்கா மகன் வந்திருந்த சமயம், ஊர் சுற்றக் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். முதலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெரிந்து வியாழனாகப் பார்த்து அழைத்துப் போனார். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே கட்டணம் பல மடங்கு. பையனிடம் அமெரிக்க பாஸ்போர்ட். “கவுன்டர் தாண்டற வரைக்கும் வாயைத் திறக்காதேடா” என்று உத்தரவு. பையன் ‘ஓகே மாமா’ என்று சொன்ன ஓகேயிலேயே கவுன்டர்காரர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பையன்தான் பணம் கட்டினான், எல்லோருக்கும் சேர்த்து.

உள்ளே வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர். அந்தச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோடின் உருகி உருகி எழுதினார். நம்மவர் நேரிலேயே நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். “இங்க குளுகுளுன்னு இருக்குடா. பத்து நிமிஷம் நிக்கலாம்.”

அடுத்து ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, 1966இல் உண்டாக்கிய கலைஞர் கிராமம் என்று பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நம்மவர் காதில் நிலம் என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது. “ஈசிஆர்லயா! அப்பவே தெரிஞ்சிருந்தா நானும் ரெண்டு கிரவுண்டு போட்டிருப்பேனே!”

“ஓவியரா இருக்கணுமே சார்.”

“கத்துக்கிட்டிருப்பேன்.”

அங்கேதான் அது நடந்தது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியம் ஒன்று. கட்டங்கள், எழுத்துகள், எண்கள், குறிகள். பழைய ஜாதக ஏடு போன்ற தோற்றம். நம்மவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், வேட்டி நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டு கிட்டே போனார்.

“லக்னம் எங்க போட்டிருக்கார்?”

“இது ஜாதகம் இல்ல சார். அந்தச் சாயலை மட்டும் எடுத்துக்கிட்டு...”

“இவ்வளவு கட்டம் போட்டவர் சனியைப் போடாம விடுவாரா?” விரலால் காற்றில் கட்டங்களை எண்ண ஆரம்பித்தார். பையன் கடையைப் பார்த்துவிட்டு வந்தான், நான் தோட்டத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் எட்டாம் இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். ‘டெக்ஸ்சர்’, ‘ஸ்பேஸ்’ என்று இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஓவியத்துக்கு இரண்டு விநாடி ஒதுக்கிவிட்டு நகரும் விற்பன்னர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இவர் எவ்வளவோ மேல்.

அமைப்பாளர்கள் இவரைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், சமோசாத் தட்டு காலியாகும் வேகம் அப்படி. ஆனால் விளக்கேற்றுவதைப் போட்டோ எடுக்கும்போது பின்னணியில் பத்துத் தலை வேண்டாமா? ‘பின்னால் இருப்பவர்கள் தயவுசெய்து முன்வரிசைக்கு வரவும்’ என்று மைக்கில் கெஞ்சுவது இவரைப் பார்த்துத்தான்.

போன மாதம் ஒரு கண்காட்சித் திறப்பு. சிறப்பு விருந்தினர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். ஆறரை ஆயிற்று, ஏழும் ஆயிற்று. ஓவியருக்கு வியர்த்துவிட்டது. சுற்றிப் பார்த்தார்கள். நரைத்த தலை, விபூதி, ஜோல்னாப் பை. கலை விமர்சகர் என்று நினைத்தார்களோ, வேறு வழியில்லையோ, நம்மவரை அழைத்துக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார். சால்வை போர்த்தினார்கள். “நாலு வார்த்தை பேசுங்கய்யா” என்றார்கள். “நல்ல டெக்ஸ்சர்” என்றார். பலத்த கைதட்டல்.

கீழே இறங்கியதும் அமைப்பாளரை ஓரமாக அழைத்துக் காதோடு கேட்டார்: “சீஃப் கெஸ்ட்டுக்கு வீட்டுல கொண்டுபோய் விட கார் ஏற்பாடு பண்ணியிருப்பீங்களே, வண்டி எங்க நிக்குது?”