கொடிக்கார அங்கிள்

பிரிக்பீல்ட்ஸ் கொண்டோக்களில் மாடிக்கு ஒருவராவது இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளியூரில், இடுப்பில் கைலி, கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தல். சொந்தப் பெயர் எதுவாக இருந்தாலும் அக்கம்பக்கத்தாருக்கு அவர் கொடிக்கார அங்கிள்தான்.

கீழே இறங்கினால் துன் சம்பந்தன் சாலையில் மல்லிகையும் சாமந்தியும் சரம்சரமாகத் தொங்கும். அங்கிள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "காசு குடுத்து வாங்குறதெல்லாம் பூவா? பூக்க வைக்கணும் லா!" என்பார். அவர் பூக்க வைத்துக்கொண்டிருப்பது ஹோயாக் கொடி. சில வருடங்களாக வைத்துக்கொண்டே இருக்கிறார்.

எல்லாம் 2020 மார்ச் 18இல் வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் கைங்கரியம். வீட்டுக்குள் அடைபட்ட ஊரே அன்று செடி வளர்த்தது, அப்புறம் மறந்தது. அங்கிள் மறக்கவில்லை. தளர்வு வந்ததும் சுங்கை பூலோ நர்சரிகளுக்குக் காரை விட்டார். இரண்டு இலையும் ஒரு கணுவுமாக ஒரு துண்டுக் கொடி வாங்கி வந்து, விலையை ஆண்ட்டியிடம் பாதியாகச் சொன்னார். அந்தப் பாதிக்கே ஆண்ட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து வீடு கொடியுடையது. வெளிச்சம் மாறக்கூடாது என்பதால் தீபாவளிக்குக்கூடப் புதுத் திரை கிடையாது. வேர் நெருக்கிப் பிடித்தால்தான் பூக்கும் என்பதால் சட்டியும் மாறாது. இலையில்லாத மொட்டைக் கொடி ஒன்று டிவிக்குக் குறுக்கே நீண்டுவிட்டது. அதில்தான் இலையும் பூவும் வருமாம், வெட்டக்கூடாது. அமைச்சர்கள் கொடிக்குப் பின்னால் நின்றுதான் அறிக்கை விடுகிறார்கள். புகைமூட்டக் காலத்தில் ஒவ்வோர் இலையையும் ஈரத்துணியால் துடைப்பார். தன் மூக்குக்கண்ணாடியை அவர் துடைத்துப் பார்த்தவர் இல்லை. ஏடிஸ் கொசுப்புழு இருந்தால் 500 வெள்ளி அபராதம் என்பதால், ராத்திரி டார்ச் அடித்துச் சட்டிக்கு அடியிலிருக்கும் தட்டையும் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

ஒரு நாள் ஆண்ட்டியின் துடைப்பம் பட்டு இலை ஒடிந்து பால் வடிந்தது. அங்கிள் காப்பார்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை. அன்று பால் வடிந்தால் வீட்டில் சோறு. இன்று வடிந்ததற்கு அவர் சாப்பிடவே இல்லை.

விருந்தாளிக்குச் சொற்பொழிவு முடிந்த பிறகுதான் காப்பி. "1810இல ராபர்ட் பிரவுன்னு ஒரு வெள்ளக்காரன் வச்ச பேரு. தோமஸ் ஹோய்ன்னு ஒரு தோட்டக்காரன் ஞாபகமா வச்சான். நம்ம தோட்டத்துல எவன் பேரையாவது எதுக்காவது வச்சானா? இது எருக்கு வகை, அதான் பால் வடியுது. பூவும் எருக்கம்பூ மாதிரியே குட்டிக்குட்டி நட்சத்திரம். நம்ம நாட்டுக் காட்டுலேயே மரத்துல தொத்திக்கிட்டு வளருது, தெரியுமா?"

"காட்டுல யாருங்க இல தொடைக்கிறது?" என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். இந்த வகை அங்கிள்களுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்காது.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி பூத்தேவிட்டது. ஒரே ஒரு கொத்து. வாசனை லிஃப்ட் வரை போனது. மாடியே திரண்டு வந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி கைப்பேசியில் படமெடுக்க, அங்கிள் பூவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோரணையில் நின்றார். கடைசிப் பாடத்தையும் நடத்தினார்: "பூ உதிர்ந்தாலும் இந்தக் காம்பத் தொடக்கூடாது. அடுத்த தடவையும் இதே காம்புலதான் பூக்கும்."

எல்லாருக்கும் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த ஆண்ட்டி இதைக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சன்னலோரம் வெறும் இலை. சாமி மேடையில் பிள்ளையார் தலையில் ஹோயாக் கொத்து, காம்போடு.

"எருக்கு வகன்னு நீங்கதானே சொன்னீங்க? பிள்ளையாருக்கு ரொம்பப் பிடிக்குமே."

சாமிக்கு வைத்ததைத் திட்டவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. அங்கிள் பேசாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வெள்ளிக்கும் பூக்கும்தானேங்க?" என்றார் ஆண்ட்டி, சூடத்தட்டை நீட்டியபடி.