பெரட்டலில் ஒரு பாடபேதம்: நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தீபாவளிச் சமையல் மரபு குறித்த ஆய்வு

பாயிரம்

தீபாவளி என்பது ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் வரும் பண்டிகை என்று பஞ்சாங்கம் கூறினும், நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களைப் பொறுத்தவரை அது ஒரு நாள் அன்று, வாரக்கணக்கில் நீளும் ஒரு சமையல் திட்டம் என்பதே இவ்வாய்வின் துணிபு. அத்திட்டம் முன்பணம் வாங்குவதில் தொடங்கி, ரொட்டி டின்னின் அடியில் கிடக்கும் முறுக்குத் தூளை எவரும் பாராத வேளையில் வாயில் கொட்டிக்கொள்வதில் முடிவுறும். முன்பணம் எனப்படுவது பண்டிகைக்கு முன் தோட்ட நிர்வாகம் கொடுத்துப் பின்னர்ச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் தொகை. ரொட்டி டின் எனப்படுவது பிஸ்கட் வந்திறங்கிய சதுரத் தகரப் பெட்டி, மலேசியத் தமிழில் பிஸ்கட்டுக்கு ரொட்டி என்று பெயராதலின்.

ரந்தாவ் வட்டாரத்து லின்சம், கொம்போக் முதல் பகாவ் பக்கத்து கெடிஸ், ஜெராம் பாடாங் வரை பரந்து கிடந்த தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர், ஒப்பந்தக் கூலிமுறை 1910இலும் கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938இலும் நின்றன என்று ஆண்டு தவறாமல் குறிப்பர். வந்தவர்கள் கைமணமாய்க் கொண்டுவந்த மிளகுக்கும் மல்லிக்குமான விகிதம் எந்த ஆண்டில் பிறழ்ந்தது என்பதைக் குறிப்பதில்லை. மலாயாத் தொழிலாளர் நிலையைக் காண 1936-37இல் வந்த சீனிவாச சாஸ்திரியின் அறிக்கையிலும் கூலிக்கு இடம் உண்டு, குழம்புக்கு இல்லை. உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் 1966, 1987, 2015 ஆகிய ஆண்டுகளில் கூடியது. எனினும் மாநாடு எதுவாயினும் கட்டுரையை அரங்குக்கு உள்ளும் பலகாரத்தை அரங்குக்கு வெளியிலும் வைப்பதே மரபாகிவிட்டதால், பெருங்கூட்டம் எப்பக்கம் நின்றது என்பதை எந்த மலரும் அச்சிடுவதில்லை. இக்குறையை நீக்குதலே இந்நூற் பயன்.

அளவை இயல்

தோட்டத்துச் சமையற் குறிப்புகளில் பயிலும் நிறுத்தலளவை காத்தி. கட்டி என்றும் பாடம். ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். 16 தாயில் கொண்டது ஒரு காத்தி, 100 காத்தி கொண்டது ஒரு பிக்குல். 1970களில் மலேசியா மெட்ரிக் அளவைக்கு மாறியபோது கடைக்காரனின் தராசு மாறியதே ஒழியப் பாட்டியின் வாய் மாறவில்லை. அவர் "இரண்டு" என்று சொன்னது காத்தியை. பேத்தி கேட்டுக்கொண்டது கிலோவை. இதனால் சட்டியில் 790 கிராம் இறைச்சி மிகுந்தது. உப்பும் மிளகாய்த்தூளும் பழைய கையளவிலேயே நின்றன. "அந்தக் காலத்துக் கறி மாதிரி இல்லை" என்று இன்றளவும் எழும் புலம்பலுக்கு ஆட்டின் சீரழிவையும் மருமகளின் கைப்பக்குவத்தையும் காரணம் காட்டி வந்த முன்னை ஆய்வாளர், ஓர் அரசாங்க அளவை மாற்றம் அம்மிக்கல்வரை வந்து சேர்ந்ததைக் காணத் தவறினர்.

முகத்தலளவைக்குக் கெட்டிப்பால் டின்னே கருவி. அது தலைதட்டி, கோபுரமாக என இருவகைப்படும். விளிம்போடு விரலால் வழித்து அளப்பது முன்னது, குவிந்தது சரியும்வரை அளப்பது பின்னது. மாவு இரவல் வாங்கும்போது கோபுரமாகவும் திருப்பிக் கொடுக்கும்போது தலைதட்டியும் அளப்பது வழக்காறு.

பலகார இயல்

முறுக்கு ஒரு வீட்டின் படைப்பு அன்று, லயத்தின் படைப்பு. லயம் எனப்படுவது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் வீடுகள். இன்று இவர் வீடு, நாளை அவர் வீடு என முறை வைத்துக்கொண்டு, பால்வெட்டு முடிந்து குளித்து வந்த பெண்கள் இரவில் கூடி, ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பழைய நாளிதழின்மேல் பிழிந்து வரிசைப்படுத்த, அடுப்படியில் அமர்ந்தவள் மட்டும் எவருக்கும் இடம் விட்டுக்கொடாமல் விடிய விடியச் சுடுவாள். எண்ணெயில் வேவதைச் "சுடுதல்" என்பது எங்ஙனம் பொருந்தும் என வினவும் இலக்கணியர் உளர். அவர்கள் முறுக்குக்காக வந்தவர் அல்லர் என்று கொண்டு மேலே செல்க. முதல் முறுக்கு சுவைப்பதற்கு அன்று, உப்புப் பார்ப்பதற்கு; அதனை அறுவர் பார்ப்பர், அறுவரும் வேறு வேறு தீர்ப்பு வழங்குவர், அடுப்படிக்காரி எதனையும் ஏற்காள்.

சட்டியில் காயும் எண்ணெய் குறித்து ஒன்று கூறத்தகும். சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் வணிகப் பயிராக ஊன்றப்பட்ட செம்பனை, 1960களுக்குப் பின் நெகிரி செம்பிலானிலும் ரப்பர் நின்ற இடங்களைப் பிடித்தது. மரம் மாறியதும், தேங்காய் எண்ணெயில் வெந்த முறுக்கு செம்பனை எண்ணெயில் வேகலாயிற்று. உற்பத்திக் கருவிகள் மாறினால் பண்பாடு மாறும் என்பதை நிறுவத் தடித்த நூல்கள் எழுதிய அறிஞர்க்கு ஒரு முறுக்கைக் கடித்துப் பார்க்கும் எளிய வழி இருந்தது.

அச்சு முறுக்கு என்பது அரிசிமாவு, முட்டை, தேங்காய்ப்பால், சீனி ஆகியவற்றைக் கரைத்து, காய்ந்த எண்ணெயில் கிடந்த பித்தளை அச்சை அக்கரைசலில் முக்கி, மீண்டும் எண்ணெயில் இட்டு உதிர்ப்பது. அச்சு சூடாகாவிடில் மாவு பற்றாது. அளவு மீறிச் சூடானால் மாவு பற்றும் முன்னே வெந்து சட்டியில் உதிரும். மலாய்க்காரர் இதனைக் குவே லோயாங் என வழங்குவர். இது எவரிடமிருந்து எவருக்குச் சென்றது என்னும் வாதம் டின் காலியாகும் வரை நீடிக்கும்.

அதிரசம் குறித்துக் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே ஆய்வும் இல்லை.

தாய்வழி இயல்

நெகிரி செம்பிலானுக்குரிய தனிச்சிறப்பு, சுமத்திராவிலிருந்து வந்து குடியேறிய மீனாங்கபாவ் மக்களின் அடாட் பெர்பாத்தே என்னும் மரபு. அதன்படி பூர்விக நிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். தோட்டத் தமிழர்க்கு மகளிடம் கொடுக்க நிலம் இருந்ததில்லை. லயத்து வீடும் வேலை உள்ளவரைக்கே. எனவே கைமாற்றத் தகுந்த தாய்வழிச் சொத்தாக எஞ்சியது சமையற் குறிப்பு ஒன்றே எனலாம். இவ்வொற்றுமையைக் கண்டு இரு சமூகங்கட்கும் பொதுவான தொல்குடி ஒன்று கடலுள் மூழ்கிய கண்டத்தில் வாழ்ந்ததாக முடிவு கட்டும் ஆசை எவர்க்கும் எழும். கடல்கொண்ட நிலத்துக்கு வாடகையும் இல்லை, சான்றும் தேவையில்லை. உண்மையில் அக்கம்பக்கத்திலிருந்து வந்தது வேறு: தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சில்லி பாடியும் சேர்த்து இம்மாநிலத்தார் ஆக்கும் மாசாக் லெமாக் என்னும் குழம்பின் அந்த ஊசி மிளகாய், எப்போதோ லயத்து ஆட்டுக்கறிக்குள்ளும் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. மாமியார் வழி வந்த பாடங்கள் அனைத்தையும் மருமக்கள் இடைச்செருகல் என்றே கொள்வர்.

இறைச்சி இயல்

விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் இட்லியோடும் தோசையோடும் வந்து நிற்பது ஆட்டுக்கறி. காலை உணவை இந்நாட்டுத் தமிழர் பசியாறல் என்பர். அதிகாலை ஐந்தரை மணிக்கே ஆறவேண்டிய பசி தீபாவளிப் பசி ஒன்றே. சில வீடுகள் கூடி ஓர் ஆட்டை வாங்கி, வாழையிலையில் கூறு போட்டு, ஈரலையும் எலும்பையும் கொழுப்பையும் சமன் செய்து பிரிப்பதுண்டு. கூறுகள் யாவும் சமம் என்பதை அனைவரும் ஒப்புவர். ஒப்பியபின் முதற்கூறை எடுக்க முந்துவர்.

ஆட்டுக்கறி குழம்பு, பெரட்டல், வறுவல் என முத்திறப்படும். சோற்றில் ஓடுவது குழம்பு. சோற்றில் நிற்பது பெரட்டல். சோறே வேண்டாதது வறுவல். பெரட்டல் என்பது புரட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர் என்பது வெளிப்படை. ஆனால் வெளிப்படையானதை ஏற்பது ஆய்வாகாது என்னும் கொள்கையுடையோர், தோட்டத்தில் அதிகாலை ஆள்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் "பெரட்டு" என்னும் வழக்கிலிருந்தே இது வந்தது என்பர். சட்டியிலும் துண்டுகள் எண்ணப்பட்டு, வராதவர் பங்கு குறிக்கப்படுதலின் என்பது அவர் காட்டும் ஏது. பெரட்டு என்பது ஆங்கிலப் பரேட்டின் திரிபு ஆயிற்றே என மறுத்தார்க்கு, பரேட் என்பதே தமிழ்ப் புரட்டிலிருந்து ஆங்கிலேயர் கடன்கொண்டது என்று விடையிறுத்தனர். இம்முறையைப் பின்பற்றினால் உலகில் தமிழ் அல்லாத சொல் எஞ்சாது, ஆய்வாளர் பெருகுவர்.

இனி இந்நூலின் உயிர்நிலையாகிய பாடபேதம் கூறப்படும்.

பெரட்டலின் செய்முறைக்குக் கிடைத்துள்ள ஒரே எழுத்துச் சான்று "ரொட்டி டின் சுவடி" எனப்படும். அது பள்ளிப்பிள்ளையின் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒற்றைத் தாள். முன்பக்கம் விடை தவறிய நெடுவகுத்தல், பின்பக்கம் பென்சிலால் எழுதிய குறிப்பு. வெங்காயம், இஞ்சி பூண்டு அரைப்பு, பட்டை, லவங்கம், கறிவேப்பிலை, மசாலாத்தூள் என எல்லாம் தெளிவாகவே உள்ளன. இறுதி வரியில் மட்டும் எண்ணெய்க் கறை படிந்து, "கடைசியா நல்லா ...த்தி எறக்கவும்" என்று சிதைந்து நிற்கிறது.

சிதைந்த எழுத்து யாது என்பதில் அறிஞர் பல்வேறாகப் பிரிந்தனர். "ஊத்தி" என்பது பெரும்பான்மைப் பாடம். அங்ஙனமாயின் எதனை ஊற்றுவது? தேங்காயின் முதற்பால் என்பது கீழ்லயப் பாடம். கிச்சாப், அஃதாவது சோயாச் சாறு, என்பது மேல்லயப் பாடம். கள் என்பது கள்ளுக்கடைப் பள்ளியின் பாடம்; இதற்கு ஆதரவாளர் மிகுதி, ஆதாரம் குறைவு. முதற்பாலை ஊற்றியபின் கொதிக்கவிடின் திரியும் என்று கிணற்றடி உரை எச்சரிக்கும். திரிந்தாலும் தின்பர் என்று ஆயாக்கொட்டகைச் சிற்றுரை அதனை மறுக்கும் (ஆயாக்கொட்டகை, தாய்மார் வேலைக்குச் சென்றபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடம்). அம்மறுப்புக்கு மறுப்பு, மாரியம்மன் கோயில் திருவிழாவின் அன்னதானத்தில், இரண்டாம் பந்தி, இடமிருந்து மூன்றாம் இலையில் அமர்ந்தவரால், வாயில் சோற்றுடன் அருளப்பட்டமையால் முழுமையாகப் பதிவாகவில்லை.

"கத்தி" என்று கொள்வாரும் உளர். பிள்ளைகளை உரக்கக் கத்தி அழைத்தபின் சட்டியை இறக்குதல் என்று இவர் பொருள் உரைப்பர். இதற்குக் களச்சான்று ஏராளம் என்பதை மறுத்தற்கில்லை.

"வத்தி" என்னும் பாடத்தை முன்மொழிந்த இளநிலை ஆய்வாளர் ஒருவரும் உண்டு. நீர் வற்றி என்பது கருத்து. ஆயினும் செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியலின் விதி. வற்றுவது கறி, இறக்குவது சமைப்பவர், வினைமுதல் இருவேறு. வற்றவைத்து என்றோ வற்றியபின் என்றோ இருந்திருப்பின் ஆராயலாம் என்று பேராசிரியர் மூவர் கூடி அதனைத் தள்ளினர். சினைவினை முதலொடு முடிதலை அவ்விலக்கணமே இசைதலின், கறியைச் சமைப்பவரின் சினையாக, அஃதாவது உறுப்பாக, கொள்ளலாகாதா என்று அவ்விளையவர் கெஞ்சிப் பார்த்தார். அப்படிக் கொள்ளின் கறியைப் பரிமாறுவது உறுப்புத் தானம் ஆகும் என்று நகைத்தனர். நச்சினார்க்கினியர் தொலைவில் கிடக்கும் சொற்களைக் கொணர்ந்து கூட்டிப் பொருள் உரைப்பதுபோல, மூன்றாம் வரியின் "தண்ணி" என்பதை ஈற்றுவரியோடு மாட்டிப் பொருள் கொள்ளலாம் என்பது அவருடைய கடைசி முயற்சி. இவ்விடத்து மாட்டு என்பது செய்யுளுறுப்பே அன்றி இறைச்சி அன்று என்பதை விளக்குவதிலேயே அவ்வமர்வின் நேரம் முடிந்தது.

இவ்வாய்வு அச்சேறும் நிலையில், சுவடியின் ஆசிரியர் சிரம்பானில் மகள் வீட்டில் நலமாக இருப்பது தெரியவந்தது. உயிரோடிருக்கும் ஆசிரியரிடம் பொருள் கேட்பது ஆய்வுநெறிக்குப் புறம்பாதலின் எவரும் செல்லவில்லை. விடுமுறைக்குச் சென்ற பேரன் ஒருவன் மட்டும், ஆய்வாளன் அல்லனாதலின், தாளைக் காட்டிக் கேட்டுவிட்டான். மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே பாட்டி விடை கூறினார்: "வத்தணும்டா. ஊத்துனா அது கொழம்பு."

வாய்மொழிச் சான்று என்பதால் இவ்விடை ஏற்கப்படவில்லை. பதிப்பில் "ஊத்தி" மூலபாடமாகவும் "வத்தி" அடிக்குறிப்பாகவும் நிற்கும். அன்று சிரம்பான் வீட்டில் ஆக்கிய பெரட்டல் வற்றியிருந்தது.