குட்டி டிராக்டர் மான்மியம்

புல்லைக் குட்டையாக வைத்திருப்பதற்கென்று ஆண்டவன் ஆட்டைப் படைத்திருந்தான். ஆடு பெட்ரோல் கேட்காது, அதற்குப் பெல்ட் அறுந்துபோகாது, வேலைக்கு ஆகாவிட்டால் பிரியாணி ஆகிவிடும். குறை சொல்ல இடமில்லாத இந்த ஏற்பாட்டுக்குள் மூக்கை நுழைத்தவர் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பட்டிங். துணி ஆலையில் கம்பளியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சிரைக்கும் உருளையைப் பார்த்தவர், அதையே தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்து 1830-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். பின்னால் பெரிய மாளிகைகளில் இந்த இயந்திரத்தைக் குதிரை இழுத்தது. குளம்பு பதிந்து புல்தரை கெடக் கூடாதென்று குதிரைக்குத் தோல் பூட்ஸ் தைத்து மாட்டினார்கள். தோட்டக்காரர் காலில் என்ன இருந்தது என்பது நமக்கு வேண்டாத விஷயம்.

அமெரிக்காக்காரர்கள் ஆட்டை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஜனாதிபதி உட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் செம்மறி மந்தை ஒன்றை மேயவிட்டார். தோட்டக்காரர்கள் போருக்குப் போகலாம், ஆடு புல்லைப் பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு. கம்பளியை ஏலம் விட்டதில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 52,000 டாலருக்கு மேல் கிடைத்தது. மந்தைத் தலைவன் ஓல்டு ஐக் என்ற கிடா. அதற்குப் புகையிலை மெல்லும் பழக்கம் உண்டு. வாஷிங்டன் அரசியல் வட்டாரத்தில் அதைத் தனியாகப் பிரித்து அடையாளம் காண்பதே சிரமமாக இருந்திருக்கும்.

அடுத்த உலகப் போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலத்தில், லெவிட் கம்பெனி 1947-ல் வீடுகளை வரிசையாகக் கட்டத் தொடங்கியது. மனை 60-க்கு 100 அடி. நம் கணக்கில் இரண்டரை கிரவுண்ட். வேலி போடக் கூடாது. வாரம் ஒருமுறை புல் வெட்டியாக வேண்டும், தவறினால் கம்பெனியே ஆள் வைத்து வெட்டிவிட்டு பில் அனுப்பும். புல்லின் உயரத்தில் இவ்வளவு அக்கறை காட்டிய அதே கம்பெனி, கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு கொடுக்க மாட்டோம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தது. களை எது என்பதில் அவர்களுக்கு அவர்களுடைய அபிப்பிராயம்.

இப்போது நம் கதாநாயகன் மேடைக்கு வருகிறான். அப்பன் காலத்தில் ஐயோவாவிலோ இந்தியானாவிலோ ஏர் பிடித்து முதுகு ஒடிந்து, இந்த மண்ணே வேண்டாம் சாமி என்று நகரத்துக்கு ஓடிவந்த குடும்பம். மகன் ஆபீசில் உட்கார்ந்து சம்பாதித்து, நகரத்துக்கு வெளியே ஒரு ஏக்கரில் வீடு வாங்குகிறான். வாங்கிய கையோடு டிராக்டர் வேண்டும் என்கிறான். புல் வெட்டத்தான். ஆனாலும் ஸ்டியரிங், ஹெட்லைட், பின்னால் கலப்பை மாட்டக் கொக்கி எல்லாம் இருந்தாக வேண்டும். ஓடிப்போன விவசாயியின் பிள்ளைக்கு விவசாயி வேஷம் கட்ட ஆசை வந்த அந்த நிமிடத்தில்தான் கார்டன் டிராக்டர் என்ற வியாபாரம் சூடு பிடித்தது.

அதற்கு முன்பும் ஆள் இருந்தார். மேற்கு வர்ஜீனியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் கிரேவ்லி என்று ஒரு போட்டோகிராபர். அடுத்தவர் முகத்தை நேராக்கிப் படம் எடுத்துப் பிழைத்த மனிதருக்குத் தன் காய்கறித் தோட்டத்தைக் கொத்துவது மட்டும் பிடிக்கவில்லை. ‘இந்தியன்’ என்ற பிராண்டின் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்து, அதன் பாகங்களைக் கொண்டு ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் உழவு இயந்திரம் ஒன்றைக் கட்டினார். 1916-ல் காப்புரிமை, 1922-ல் டன்பாரில் கம்பெனி. பின்னால் வந்த கிரேவ்லி மாடல் எல் இரண்டு சக்கர வண்டி. பெல்ட் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். தோல்வாரைச் சுற்றி இழுத்தால்தான் எஞ்சின் கிளம்பும். கிளம்பிய பிறகு அது போகிற பக்கம் நாமும் பின்னாலேயே நடக்க வேண்டும். நடக்க மாட்டாதவர்களுக்குப் பின்னால் கோர்த்துக்கொள்ள ஓர் இருக்கையும் விற்றார்கள். இன்றைக்கும் பழைய வண்டிப் பித்தர்களிடம் கனவு வண்டி எது என்று கேட்டால், அவர்களில் ஒரு கூட்டம் கிரேவ்லி என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து ஆண்பிள்ளைகளா நீங்கள் என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். இவர்களோடு வாதம் வேண்டாம்.

இந்தியானாவின் சவுத் பெண்டில் எல்மர் பாண்டும் மகன் செசிலும் 1946-ல் டிராக்டர் செய்ய இறங்கினார்கள். ஒஹாயோவில் பங்காளி ஹெரால்டு பாண்டு ஏற்கெனவே ஸ்பீடெக்ஸ் என்ற பெயரில் அதே தொழிலில் இருந்தார். பங்காளிகள் ஒரே தொழிலில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்பனும் மகனும் தங்கள் வண்டிக்கு வீல் ஹார்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு சிவப்பு பெயின்ட் அடித்தார்கள். நன்றாகவே விற்றது. 1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் என்ற கார் கம்பெனி அதை வாங்கியது. கார் செய்கிற கம்பெனிக்குப் புல்வெட்டி எதற்கு என்று கேட்காதீர்கள். 1986-ல் டோரோ கைக்குப் போனது.

பெரிய தலைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-க்கென்று கப் கேடட் என்ற மஞ்சள் வெள்ளை வண்டியைக் கொண்டுவந்தது. 7 குதிரைத்திறன். ரகசியம் பின்பக்கத்தில் இருந்தது: அந்தக் கம்பெனியின் நிஜமான வயல் டிராக்டரான பார்மால் கப்பின் கியர்பாக்ஸை ஒட்டியே இதன் பின்பாகத்தை அமைத்துவிட்டார்கள். புதிதாக யோசிக்கச் சோம்பல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அந்தச் சோம்பலின் பலனாக, முயலுக்கு யானைக் கால் வைத்ததுபோல், வீட்டுப் புல்லை வெட்டும் வண்டிக்கு வயலை உழும் எலும்பு கிடைத்தது. ‘ஒரிஜினல்’ என்று பித்தர்கள் பக்தியோடு அழைப்பது இதைத்தான். அறுபது வருஷம் ஆன வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. செய்த கம்பெனிதான் ஓடவில்லை. நீண்ட வேலைநிறுத்தம், கடன் என்று தள்ளாடி 1981-ல் கப் கேடட்டை எம்டிடி என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது.

ஜான் டியர் 1963-ல் 110 என்ற மாடலோடு வந்தது, விஸ்கான்சினின் ஹோரிகான் ஆலையிலிருந்து. கப் கேடட்டின் ஜென்ம விரோதி. விரோதிகள் இருவருக்குள்ளும் துடித்ததோ ஒரே இதயம்: கோலர் எஞ்சின். ஆம், நம் ஊர் அடுக்குமாடி பாத்ரூமில் குழாயாகவும் வாஷ்பேசினாகவும் காட்சி தரும் அதே கோலர்தான். 1883-ல் ஜான் மைக்கேல் கோலர், பன்றியை வெந்நீரில் முக்கும் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்தால் மனிதர்களும் குளிக்கலாம் என்று விற்றதில் ஆரம்பித்தது அந்தச் சாம்ராஜ்யம். பச்சை உசத்தியா மஞ்சள் உசத்தியா என்று இன்றுவரை அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சிக்காரர்களும், பானெட்டைத் திறந்தால் குளியல் தொட்டிக்காரர் செய்த எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். இதை இவர்கள் கூடும் இடத்தில் உரக்கச் சொல்லாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

ஜான் டியர் என்றால் பச்சை, அதில் கொஞ்சம் மஞ்சள். இது அவர்களுக்கு வேதம். அந்த வேதத்தை 1969-ல் கம்பெனியே மீறியது. நகர்ப்புற வீட்டுக்காரர்களுக்கு, குறிப்பாக வீட்டம்மாக்களுக்கு, பச்சை பட்டிக்காடாகத் தோன்றுகிறது என்று யாரோ மேலிடத்தில் ஓதியிருக்க வேண்டும். பேட்டியோ வரிசை என்று ஒன்றை இறக்கினார்கள். 110, 112, 120, 140 என்ற அதே வண்டிகள்தான். உடம்பு முழுக்க வெள்ளை. பானெட்டும் சீட்டும் மட்டும் நான்கு நிறங்களில்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம். ஒவ்வொன்றுக்கும் புடவைக் கடையில் வைப்பதுபோல் ஒரு பெயர். நீலத்துக்கு ஒரு மரத்தின் பெயர், ஆரஞ்சுக்கு அந்திச் சூரியன், மஞ்சளுக்கு ஏப்ரல் மாதம்.

வாங்கக் கடைக்கு வந்தவர் என்ன செய்தார்? நீல வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே பச்சை இருக்கிறதா என்று கேட்டார். விவசாயி வேஷம் கட்ட வந்தவனிடம் நாடக கம்பெனி ஜரிகைச் சட்டையை நீட்டினால் எப்படி? போகாத வண்டிகளுக்குச் சில டீலர்களே பச்சை பெயின்ட் அடித்து விற்றார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் வானவில் மறைந்து, வேதம் பழையபடி நிலைநாட்டப்பட்டது.

இன்றைக்குக் கனவு வண்டி எது என்று கேட்டால் அதே பச்சைக் கட்சிக்காரர்கள் முதலில் சொல்வது பேட்டியோ. அன்று அப்பா முகம் சுளித்த நீல பானெட்டுக்காக இன்று மகன் நான்கு மாநிலம் தாண்டி டிரெய்லர் ஓட்டிப் போகிறான். நான்கு நிறமும் கொட்டகையில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது இவர்களுக்குக் கயிலாயம்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஜெனரல் எலெக்ட்ரிக் செய்தது. அதே 1969-ல் எலெக்-டிராக் என்ற பெயரில் மின்சார டிராக்டர் கொண்டுவந்தது. பெரிய மாடல்களில் ஆறு பேட்டரி, 36 வோல்ட். ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் புல் வெட்டலாம். வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து மரம் அறுக்கலாம், வேலிச்செடி கத்தரிக்கலாம். புகை இல்லை, எண்ணெய் மாற்ற வேண்டாம், சத்தமும் ரொம்பக் குறைவு. அங்கேதான் தப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வீட்டில் கூப்பிடுவது காதில் விழாமல் இருப்பதற்காகத்தான் பாதிப் பேர் டிராக்டர் வாங்கினார்கள் என்பதை ஜி.இ. எஞ்சினீயர்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பெட்ரோல் பங்கில் அமெரிக்கா வரிசையில் நின்றது. மின்சார டிராக்டர் விற்க அதைவிட நல்ல நேரம் வருமா? அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே ஜி.இ. கடையைக் கட்டிவிட்டது. வண்டி வீல் ஹார்ஸ் பெயரில் சில காலம் விற்று ஓய்ந்தது. ஐம்பது வருஷம் கழித்து எல்லாக் கம்பெனியும் பேட்டரி புல்வெட்டியைப் புத்தம் புதுக் கண்டுபிடிப்பாக விளம்பரம் செய்கிறது.

கேஸ், போலன்ஸ், சிம்பிளிசிட்டி, பவர் கிங் என்று பட்டியல் இன்னும் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பஜனை கோஷ்டி இருக்கிறது. கேஸ் கோஷ்டிக்கு ஹைட்ராலிக் என்ற ஒரு சொல் போதும், விடிய விடியப் பேசுவார்கள். 1983-ல் வந்த ஜான் டியர் 318-ஐ விரும்புகிறவர்கள் இன்னொரு ஜாதி: பவர் ஸ்டியரிங், ஓனன் எஞ்சின், இன்றைக்கும் அதை வைத்து நிஜமாகவே வேலை செய்பவர்கள். கனவு காண்பவர்கள் கூட்டத்தில் அவர்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது.

என் தீர்ப்பைக் கேட்டால், புல் வெட்ட வேண்டுமானால் கப் கேடட் ஒரிஜினல், வீட்டில் அமைதி வேண்டுமானால் எலெக்-டிராக். பேட்டியோதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தை எண்ணுவதற்கு முன் பானெட்டின் உள்பக்கத்தை நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். நீலத்துக்கு அடியில் பச்சை தெரிந்தால் பாதி விலைக்குக் கேளுங்கள்.